எட்டுப் படங்கள்

கனடாவிலிருந்து வந்திருந்த மாமா, தன்னுடைய பழைய கமராவை ஒரு கிழமைக்கு என்னிடம் தந்தார். "போனாலே நூறு படம் எடுக்கிறாய். இதாலே எட்டு எடுத்துப் பார்" என்றார்.

ஃபுஜி ஜிடபிள்யூ 690 என்னும் வகை. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ பாரம். பற்றரி இல்லை; வெளிச்சத்தை அளக்கும் கருவியும் இல்லை. அதை நான் போனில்தான் அளந்தேன். இதற்குப் போடுவது 120 என்னும் அகலப் பிலிம். கொடக் நிறுவனத்தின் பெட்டிக் கமராவுக்காக 1901 இல் வந்தது. ஒரு சுருளில் எட்டுப் படங்கள் மட்டுமே. ஒவ்வொன்றும் நாம் முன்பு ஸ்ரூடியோவில் கழுவக் கொடுத்த சாதாரண பிலிமைவிட ஐந்து மடங்கு பெரிது.

பார்க்கும் கண்ணாடியின் நடுவே மங்கலான சிறு கட்டம் ஒன்று உண்டு. அதற்குள் முகம் இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி ஒன்றாகும். அப்போதுதான் அழுத்த வேண்டும். ஒரு மீற்றருக்குக் கிட்டப் போனால் தெளிவு வராது.

கிளிநொச்சிப் பக்கம் நான் வேலை நிமித்தம் சந்திக்கும் அக்கா ஒருவரிடம் இதைக் கொண்டுபோனேன். 2009 இல் வலைஞர்மடத்தில் பங்கருக்குள் விட்டுவந்த பையோடு அவரது கலியாண அல்பம் போய்விட்டது. ஆவணியில் மகளுக்குக் கலியாணம். தாயும் மகளும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை.

"படம் எடுத்துக்கொண்டு போன ஆக்கள் கனபேர், பிள்ளை. ஒண்டும் திரும்பி வரேல்லை" என்றார். ஒழுகும் கூரையைத்தான் எல்லாரும் கேட்டு எடுத்தார்களாம். அறிக்கைக்காக அந்தக் கூரையை எடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

இரண்டு படம் எடுத்துவிட்டேன். மகள் சிரித்தாள். "மிஸ், மூடி கழட்டேல்லை!" இந்தக் கமராவில் நாம் பார்ப்பது லென்ஸினூடாக அல்ல, வேறு கண்ணாடியினூடாக. மூடியிருந்தாலும் எல்லாம் வெளிச்சமாகத் தெரியும். எனக்கு வெட்கமாகிவிட்டது. தாயும் சேர்ந்து சிரித்தார்.

இன்னும் ஆறுதான் இருக்கிறது என்றதும் அக்கா உள்ளே போய்ச் சேலை மாற்றி வந்தார். எங்கே நிற்பது என்பதையும் அவரே சொன்னார். கூரை தெரியக்கூடாது, முற்றத்து வேம்பின் கீழே. நான் வளையத்தைத் திருப்பி முடிக்கும்வரை இருவரும் பொறுமையாக நின்றார்கள். அறிக்கைக்குப் படம் எடுத்த நாட்களில் நான் ஒருவருடைய முகத்தையும் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

மாமா சுருளைக் கொண்டுபோய்க் கழுவி அனுப்ப ஐந்து கிழமை சென்றது. முதலிரண்டும் வெறுமை. ஒன்று மங்கல். ஆனால் மகளின் சங்கிலியைத் தாய் சரிசெய்யும் படத்தில், வேப்பிலை நிழல்கூட ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

படத்தைக் கொடுத்தபோது அக்கா நெகட்டிவையும் கேட்டார். "இது இருந்தால் திரும்ப அடிக்கலாம்தானே?" அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் வைக்கும் பொலித்தீன் பைக்குள் அதையும் வைத்தார்.

தோழியரே, உங்களைப் படம் எடுக்க வருபவரிடம், அது நானாக இருந்தாலும், எதற்கென்று கேளுங்கள். விருப்பமில்லையென்றால் மறுத்துவிடுங்கள். சம்மதித்தால், எங்கே நிற்பதென்று நீங்களே சொல்லுங்கள். ஒரு பிரதியையும் கேட்டு வாங்குங்கள்.