கண்ணியும் பறியும்

நெய்வேலியில் நிலக்கரி எடுக்கணும்னா முதலில் தண்ணீரை எடுக்கணும். படிவத்துக்குக் கீழே அழுத்தத்தோடு இருக்கும் நிலத்தடி நீரை பம்புகள் ராப்பகலா இறைத்துக்கொண்டே இருக்கும். சுரங்கத்து நீர் ஓடை வழியே வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போகிறது. தண்ணீர் இருந்தால் மீன் வரும், மீன் இருந்தால் கொக்கு வரும், பின்னாடியே பிடிக்க ஆளும் வருவார்.

சின்ன வயசில் ஒரு ஓடைக்கரையில் நைலான் கண்ணியில் கால் மாட்டிச் செத்துக் கிடந்த மடையானைப் பார்த்தேன். கண்ணி வைத்தவர் திரும்பி வரவே இல்லை போல. கண்ணியும் பொறிதான், மீன் பிடிக்கிற பறியும் பொறிதான். ஒன்று தப்பு, இன்னொன்று சரி என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

கண்ணி ஒரு சுருக்கு. இழுக்க இழுக்க இறுகும். மாட்டியது கொக்கா, நாமக்கோழியா, கீரியா என்று அதுக்குத் தெரியாது. அவிழ்த்து விட்டாலும் கால் அறுந்திருக்கும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கண்ணி வைக்க முயற்சி செய்தாலே வேட்டைதான். 'ஒரு கொக்குதானே' என்ற சமாதானம் செல்லாது.

பறி மூங்கில் குச்சியில் பின்னிய கூடு. வாய்ப்பக்கம் குச்சிகள் உள்நோக்கிக் குவிந்திருக்கும். மீன் நுழையலாம், திரும்ப வழி கிடைக்காது. ஆனால் குச்சிகளின் இடைவெளியில் குஞ்சுகள் தப்பிவிடும். மாட்டியதும் உயிரோடுதான் இருக்கும், வேண்டாததை விட்டுவிடலாம்.

அதுக்கும் கவனம் வேண்டும். விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன். ஆமையும் தண்ணீர்ப் பாம்பும் அப்படித்தான். பறியை முழுசா முக்கிவிட்டால் எல்லாம் மூச்சுமுட்டிச் சாகும். மேல்பாகம் தண்ணீருக்கு வெளியே தெரியணும். காலையும் மாலையும் போய்ப் பார்க்கணும். புதுத்தண்ணியில் எதிர்த்து ஏறும் மீன் முட்டையோடு ஏறுகிறது. அப்போது வாய்க்கால் முழுக்க அடைக்கக் கூடாது. குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காக்கும் விராலைப் பிடித்தால் அந்தக் கூட்டமே போச்சு. குத்தகை ஏரியென்றால் அனுமதி கேட்கணும். வெடி, விஷம் வைத்து மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்துவிட்டது.

முடிந்ததும் பறியை எடுத்துக்கொண்டு வரணும். மறந்துபோன மூங்கிலாவது ஒருநாள் மக்கும். நைலான் அவ்வளவு லேசில் மக்காது. வைத்தவர் மறந்த பிறகும் அது பிடித்துக்கொண்டே இருக்கும்.