சாளை மீன் நிறத்தில் ஒரு விமானம்

பொன்முடிக்குக் கூடையில் வரும் சாளை மீனைப் பாருங்கள். முதுகு கருநீலம், வயிறு வெள்ளி. மேலே பறக்கும் பறவைக்கு அது கடலோடு கடலாகத் தெரியும். கீழிருந்து பார்க்கும் பெரிய மீனுக்கு வெளிச்சத்தோடு கலந்துவிடும்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்களும் இதைத்தான் செய்தார்கள். அவர்களிடம் கடலில் இறங்கும் விமானங்கள் இருந்தன. சக்கரத்துக்குப் பதில் படகு போன்ற மிதவைகள். மேல்பக்கம் இரண்டு வகைக் கரும்பச்சை. அடிப்பக்கம் வெளிர்நீலம். இது ஒளிந்துகொள்ள.

ஏமாற்றவும் பெயின்ட் உதவியது. அதுதான் கொடுமை. 1940-ல் 'பிங்குவின்' என்ற ஜெர்மன் போர்க்கப்பல், சரக்குக் கப்பல் வேஷத்தில் இந்தியப் பெருங்கடலுக்கு வந்தது. அதில் ஒரு விமானம் இருந்தது. ஜெர்மன் விமானத்தின் அடையாளம் கறுப்புச் சிலுவை. அதை மறைத்துவிட்டு, பிரிட்டிஷ் விமானத்தின் சிவப்பு, வெள்ளை, நீல வட்டங்களை வரைந்தார்கள். ஆகஸ்டு மாதம் அது ஒரு நார்வே எண்ணெய்க் கப்பலின் மேல் பறந்தது. 'வழியை மாற்றிப் போ' என்று கடிதம் போட்டது. பிறகு பிங்குவின் வந்து அந்தக் கப்பலைப் பிடித்துக்கொண்டது.

இப்படிப் பல கப்பல்கள் பிடிபட்டன. மாலுமிகளைக் கப்பலின் அடித்தட்டில் அடைத்தார்கள். அவர்களில் பலர், கூலிக்குக் கப்பலேறிய நம் நாட்டு ஆட்கள்.

1941 மே 8. பிங்குவின் அன்று நார்வே கப்பல் போல நிறம் பூசியிருந்தது. 'கார்ன்வால்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் விமானம் அதைக் கண்டுபிடித்தது. குண்டு பட்டதும், பிங்குவினில் இருந்த கண்ணிவெடிகள் வெடித்தன. அடித்தட்டில் இருந்த கைதிகள் 200-க்கும் மேல். பிழைத்தவர்கள் 22 பேர்.