மழை பெய்தால் மாசடைந்த நதி

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்)

மண்ணைக் கழுவி, மரத்தைக் கழுவி, மனத்தையும் குளிரச் செய்வது மழை. வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்தை அடுத்து மழைக்கே ஓர் அதிகாரத்தை ஒதுக்கினார். அத்தகைய மழை பெய்யும்போதெல்லாம் ஒரு நதி சாக்கடையாக மாறியது என்றால் நம்ப முடிகிறதா? அதுவும் இலண்டன் மாநகரில்! அது ஏன் நேர்ந்தது, எவ்வாறு சீர் செய்யப்பட்டது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாறிய நகரம்

1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியில் கலந்த கழிவு வெயிலில் அழுகி, நகரமே நாறியது. நாடாளுமன்றக் கட்டடத்தின் திரைச்சீலைகளைச் சலவைத்தூள் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டுப் பார்த்தனர், பயனில்லை. ஏழைகளின் தெருக்களில் காலரா பல்லாயிரம் உயிர்களைக் குடித்தபோது அசையாத அரசு, தன் மூக்கில் நாற்றம் ஏறியதும் விரைந்து சட்டம் இயற்றியது.

பொறுப்பேற்ற பொறியாளர் ஜோசப் பேசல்ஜெட், சுமார் 130 கிலோமீட்டர் நீளத்துக்குச் செங்கல்லால் பெருங்கால்வாய்களை நிலத்தடியில் கட்டினார். அவை கழிவை நதியில் விழாமல் இடைமறித்து, நகருக்குக் கிழக்கே பெக்டன், கிராஸ்னஸ் என்னும் இடங்களுக்குக் கொண்டு சென்றன. 1866இல் இலண்டனில் கடைசியாகக் காலரா பெருமளவில் பரவியபோது, இத்திட்டம் முடிவடையாத கிழக்குப் பகுதியே பெரும்பாலும் பாதிக்கப்பட்டது. அதுவே அத்திட்டத்துக்குக் கிடைத்த சான்றிதழ்.

ஒரே குழாயில் இரண்டு நீர்

இச்செய்தியை வீட்டில் சொன்னபோது, பள்ளிக்கூடம் பார்த்திராத என் தந்தையார் கேட்டார்: "மழைத் தண்ணியையும் கக்கூஸ் தண்ணியையும் ஏம்ப்பா ஒண்ணா விட்டான்?" பிரச்சினையின் ஆணிவேரே அக்கேள்விதான்.

இலண்டனின் பழைய கால்வாய்கள் மழைநீருக்காக ஏற்பட்டவை. பின்னர் வீட்டுக் கழிவும் அவற்றிலேயே விடப்பட்டது. மழையில்லாத நாளில் கால்வாயில் இடமிருக்கும். மழை கொட்டினால் நீர் பன்மடங்காகப் பெருகும். வழி விடாவிட்டால் அது வீடுகளுக்குள் எதிர்த்து ஏறும். ஆகவே, மிகுதியை நதியில் கொட்டும் வழிந்தோடு வாய்களை அமைத்தனர். பேசல்ஜெட் தம் காலத்து மக்கள்தொகையைவிடப் பெரிய எண்ணிக்கைக்கே கணக்கிட்டார். ஆனால் அவர் எண்ணிய 40 இலட்சத்தையும் தாண்டி, நகரம் இன்று சுமார் 90 இலட்சம் மக்களைக் கொண்டுள்ளது. எனவே அரிதாக வழிய வேண்டியது, சில இடங்களில் ஆண்டுக்கு 50 முறைக்கும் மேல் வழிந்தது.

மீன்கள் ஏன் மடிகின்றன?

20 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். மீன் சுவாசிப்பது இச்சிறு அளவையே. கழிவு கலந்ததும் பாக்டீரியாக்கள் அதிலுள்ள கரிமப் பொருளைச் சிதைக்க அதே ஆக்சிஜனைச் செலவிடுகின்றன. மீன் மூச்சுத் திணறி மடிகிறது. 2004 ஆகஸ்டில் பெய்த பெருமழையை அடுத்துத் தேம்ஸில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தது இவ்வாறுதான்.

சுத்திகரிப்பு நிலையத்தில் செய்வதும் இதே வேலைதான். ஆனால் அங்கே தொட்டிக்குள் காற்றைச் செலுத்தி, வேண்டிய ஆக்சிஜனை நாமே தருகிறோம். 1914இல் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்னும் இருவர் வெளியிட்ட இம்முறை இன்று உலகெங்கும் கையாளப்படுகிறது. நதியில் நிகழ்ந்தால் அழிவு. தொட்டியில் நிகழ்ந்தால் தூய்மை!

இடம் மாற்றுவது தீர்வாகுமா?

1878 செப்டம்பரில் 'பிரின்சஸ் ஆலிஸ்' என்னும் உல்லாசக் கப்பல், பெக்டன் அருகே மற்றொரு கப்பலுடன் மோதி மூழ்கியது. 600 பேருக்கு மேல் மாண்டனர். அதற்குச் சற்று முன்னர்தான் அங்கே நகரத்தின் கழிவு அப்படியே திறந்துவிடப்பட்டிருந்தது; தத்தளித்தவர்கள் விழுந்தது அந்த நீரில். நகரின் நடுவிலிருந்து அகன்ற அழுக்கு, நகரின் ஓரத்தில் உயிர்களோடு விளையாடியது. அதன் பின்னரே கழிவிலுள்ள திடப்பொருளை வீழ்படியச் செய்து பிரிக்கும் ஏற்பாடு வந்தது.

இப்பாடம் நம் காலத்தில் மறக்கப்படவில்லை. முதலில் சுத்திகரிப்பு நிலையங்களை விரிவாக்கினர். பெக்டன் நிலையத்தின் திறன் 60 விழுக்காடு உயர்த்தப்பட்டது. பின்னர் 6.9 கிலோமீட்டர் நீளமுள்ள லீ சுரங்கக் கால்வாய் 2016இல் திறக்கப்பட்டது. அதனுடன் இணையும் 25 கிலோமீட்டர் நீளமுள்ள தேம்ஸ் டைட்வே சுரங்கம், 2025இல் முழுமையாக இணைக்கப்பட்டது. மழைநாளில் நதிக்குள் வழிய வேண்டிய நீர், சுழன்றபடி ஆழ்கிணறுகளில் இறங்கிச் சுரங்கத்தை அடைகிறது. 790 மீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் சரிவு இருப்பதால் தானே கிழக்கு நோக்கி ஓடுகிறது. இரு சுரங்கங்களும் சுமார் 16 இலட்சம் கனமீட்டர் நீரைத் தேக்கவல்லவை. தேங்கிய நீரை இயந்திரங்கள் மேலே ஏற்றிப் பெக்டன் நிலையத்துக்கு அளிக்கின்றன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுரங்கம் கழிவைத் தேக்குமேயன்றித் தூய்மை செய்யாது. நிலையத்தின் திறனைப் பெருக்காமல் சுரங்கத்தை மட்டும் வெட்டியிருந்தால், 1878ஆம் ஆண்டுப் பிழையே பெரிய அளவில் திரும்பியிருக்கும்.

இத்திட்டத்தின் செலவு 450 கோடி பவுண்டுக்கும் மேல். இதைத் தண்ணீர்க் கட்டணத்தின் மூலம் பொதுமக்களே சுமக்கின்றனர். மழைநீரை அது விழுந்த இடத்திலேயே மண்ணில் இறங்கவிட்டால் இத்துணைப் பெரிய சுரங்கம் வேண்டுமா என்று கேட்டவர்களும் உண்டு. அக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் கட்டடங்கள் நெருங்கிய பழைய நகரில் மண்ணைத் தேடுவது எளிதன்று.

புதிய குடியிருப்புகளோ இன்றுதான் எழுகின்றன. அங்கே மழைநீருக்கு ஒரு வழியும் கழிவுக்கு ஒரு வழியும் தொடக்கத்திலேயே வகுத்துவிட்டால் செலவு சிறிது. கலந்தபின் பிரிப்பதோ, ஒன்றரை நூற்றாண்டு கழித்து வட்டியுடன் செலுத்தும் கடனாகும். படிக்காத என் தந்தையார் கேட்ட அக்கேள்வியை, திட்டம் தீட்டும் மேசையில் அமரப்போகும் நாம் முதலிலேயே கேட்போமாக!