மெட்டில் நின்ற ஜீப்



தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கிற்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? மேற்கே உயர்ந்த மலைத்தொடர். கிழக்கே மேகமலை. நடுவே நெல் வயல்களும் திராட்சைத் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும். மேற்கு மலையின் முகட்டில் ஏறினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம் வந்துவிடும். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகியவை அதற்கான வாயில்கள்.

பொழுது விடியுமுன் கம்பம், கூடலூர், தேவாரம், போடி ஆகிய ஊர்களின் தெருமுனைகளில் ஜீப்புகள் வந்து நிற்கும். தூக்குச்சட்டியில் மதியச் சோற்றுடன் பெண்கள் நெருக்கியடித்து ஏறிக்கொள்வார்கள். வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை என்று மலைமேல் உள்ள ஏலத்தோட்டங்களில் வேலை. மாலையில் அதே ஜீப்பில் வீடு திரும்புவார்கள். ஒரே நாளில் இருமுறை மாநில எல்லையைக் கடக்கும் இவர்களுக்கு அது ஓர் எல்லையாகவே தோன்றியதில்லை.

2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு வந்தது. ஜீப்புகள் நின்றன. அதன் பின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், 'மெட்டைக் கடக்க என்ன சீட்டு வேண்டும்?' என்பதே பள்ளத்தாக்கில் பெரிய கேள்வியாக இருந்தது. முதலில் மின்னணு அனுமதிச்சீட்டு. பிறகு சோதனைச் சான்று. அதன் பிறகு தடுப்பூசிச் சான்று. இந்தச் சீட்டுகள் ஒவ்வொன்றும் நமக்கு உண்மையில் என்ன சொல்கின்றன? ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். சேர்ந்தே கணக்கிட்டுப் பார்ப்போம்.

14 நாள் ஏன்?

நோய் பரவும் காலத்தில் வெளியூரிலிருந்து வருவோரை ஒதுக்கி வைப்பது மிகப் பழைய வழக்கம். அட்ரியாட்டிக் கடற்கரையில் இருந்த ரகூசா நகரம் 1377-இல் வெளியூராரை 30 நாள் தனியே வைத்தது. பிற்காலத்தில் அது 40 நாள் ஆயிற்று. 'குவாரன்டைன்' என்ற சொல்லே 40 என்ற எண்ணைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்ததுதான். நம் நாட்டிலும், இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களை மண்டபம் முகாமில் நிறுத்திச் சோதித்த பிறகே கடல் கடக்க விட்டார்கள்.

கோவிட் நோய்க்கு 14 நாள் என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. கிருமி உடலில் புகுந்த நாளிலிருந்து காய்ச்சலோ இருமலோ தோன்றும் நாள் வரை உள்ள இடைவெளியை நோயரும்பும் காலம் என்பார்கள். தொடக்கத்தில் பரவிய கோவிட் வைரஸுக்கு இது பெரும்பாலும் 5 நாள். சிலருக்கு 14 நாள் வரை. ஆகவே 14 நாள் ஒருவர் நலமாக இருந்தால் அவர் கிருமியைச் சுமக்கவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம்.

2020-இல் வேறு மாநிலங்களிலிருந்து கேரளத்துக்குள் வருவோர் 'கோவிட் ஜாக்ரதா' தளத்தில் பதிவு செய்துகொண்டு 14 நாள் தனித்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது. ஒருமுறை வந்து தங்கிவிடுபவருக்கு இது பொருந்தும். காலையில் ஏறி மாலையில் இறங்கும் ஏலத்தோட்டப் பெண்ணுக்கு? அப்படியே கடைப்பிடித்தால் ஒவ்வொரு நாள் கூலிக்கும் 14 நாள் காத்திருக்க வேண்டும்!

ஏலக்காயோ காத்திருக்காது. ஏலக்காய் மரத்தில் காய்ப்பதில்லை. செடியின் தூரிலிருந்து கிளம்பும் சரங்களில் காய்க்கிறது. எல்லாக் காயும் ஒன்றாக முற்றுவதும் இல்லை. ஆகவே பறிப்புக் காலத்தில் 30 முதல் 45 நாளைக்கு ஒருமுறை, முற்றியதை மட்டும் பார்த்துக் கையால் பறிக்க வேண்டும். தவறவிட்டால் பழுத்து வெடித்துவிடும். கீழே கூலி போயிற்று. மேலே காய் போயிற்று.

எல்லைத் தடுப்பு எவ்வளவு நாள் வாங்கித் தரும்?

இப்போது முதல் கணக்கு. நோய் இன்னும் வராத ஓர் ஊர். அங்கே நோயுற்றோர் எண்ணிக்கை 4 நாளைக்கு ஒருமுறை இரட்டிக்கும் என்று வைத்துக்கொள்வோம். எல்லையில் தடுப்பு இல்லாவிட்டால் 8 பேர் கிருமியுடன் நுழைவார்கள். கடுமையான தடுப்பினால் 7 பேரைப் பிடித்துவிட்டோம். ஒருவர் மட்டும் தப்பி நுழைந்துவிட்டார்.

அந்த ஒருவர் 4 நாளில் 2 ஆவார். 8 நாளில் 4. 12 நாளில் 8. அவ்வளவுதான். எட்டில் ஏழு பேரைத் தடுத்தும் நமக்குக் கிடைத்தது 12 நாள் அவகாசம்!

இது வீண் என்று நினைத்துவிடாதீர்கள். 12 நாளில் படுக்கைகளைத் தயார் செய்யலாம், சோதனைக்கூடம் திறக்கலாம். தமிழ்நாட்டில் கோவிட் சோதனையை முதன்முதலில் தொடங்கிய சில அரசு ஆய்வுக்கூடங்களுள் தேனி அரசு மருத்துவக் கல்லூரியும் ஒன்று. அது போன்ற ஏற்பாடுகளுக்கு ஒவ்வொரு நாளும் பொன் போன்றது. ஆனால் அவகாசம் வேறு, தடுத்து நிறுத்துவது வேறு.

இரண்டாவது கணக்கு. ஊருக்குள் ஏற்கெனவே 99 நோயாளிகள் இருக்கிறார்கள். எல்லை வழியாக ஒருவர் வருகிறார். அவரை விட்டால் 4 நாளில் 200 பேர். தடுத்தால் 198 பேர். வேறுபாடு மிகச் சிறிது. ஆகவே எல்லைத் தடுப்பு, நோய் நுழையுமுன் பெரும் பயன் தரும். நோய் இருபுறமும் பரவிய பிறகு அதன் பயன் தேய்ந்துவிடும்.

மேலும் எந்த எல்லையையும் முழுதாக மூட முடியாது. ஊரடங்கின்போதும் பள்ளத்தாக்கின் காய்கறி லாரிகள் கேரளத்துக்குப் போயாக வேண்டும். லாரிக்கு ஓட்டுநர் வேண்டும் அல்லவா?

சோதனைச் சான்று சொல்வது என்ன?

2021 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் நாட்டில் பதிவான புதிய தொற்றுகளில் ஏறத்தாழப் பாதி கேரளத்தில் இருந்தது. ஆகஸ்ட் 5 முதல் கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வருவோரிடம், 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர் சோதனைச் சான்றோ, இரண்டு தவணை தடுப்பூசி போட்ட சான்றோ கேட்கப்பட்டது.

மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த சளியில் வைரஸின் மரபுப் பொருள் இருக்கிறதா என்று பார்ப்பதே இச்சோதனை. இருப்பதைப் பல கோடி மடங்கு பெருக்கிக் காட்டுவதால் மிக நுட்பமானது. ஆனால் நேற்றுத்தான் கிருமி புகுந்தவரின் தொண்டையில் பெருக்கிக் காட்டவும் போதிய அளவு இருக்காது. சோதனை 'இல்லை' என்று சொல்லும். இரண்டு மூன்று நாள் கழித்து அவரே பிறருக்குப் பரப்புவார். அதாவது சான்று என்பது நேற்றைய புகைப்படம். இன்றைய நிலையைச் சொல்வதில்லை. தினமும் எல்லை கடப்பவர் இந்த விதிப்படி வாரத்துக்கு இருமுறையாவது சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தடுப்பூசியின் கணக்கு

2021 ஜனவரி 16 அன்று நாட்டில் கோவிட் தடுப்பூசி தொடங்கியது. முதலில் மருத்துவப் பணியாளர், பிறகு முதியோர், ஏப்ரல் 1 முதல் 45 வயதுக்கு மேற்பட்ட அனைவரும், மே 1 முதல் 18 வயது நிறைந்தோர். உங்கள் அண்ணன் அக்காமாரில் 15 வயது நிறைந்தவர்களுக்கு 2022 ஜனவரி 3 முதல் போடப்பட்டது. புனேயில் தயாரான கோவிஷீல்டு, ஐதராபாத்தில் தயாரான கோவேக்சின் ஆகிய இரண்டுமே பெரும்பாலோருக்குப் போடப்பட்டவை.

ஊசி போட்ட மறுகணமே பாதுகாப்பு வந்துவிடாது. உடலின் காவல் செல்களில், இந்த வைரஸை அடையாளம் காணக்கூடியவை மிகச் சிலவே. அவை பெருகி எதிர்ப்பொருள்களை உண்டாக்க இரண்டு வாரமாகிறது. இரண்டாம் தவணை அந்தப் படையை மேலும் பெருக்கி, நினைவாற்றல் உள்ள செல்களை நிலைநிறுத்துகிறது.

2021 மே மாதம் முதல் கோவிஷீல்டின் இரு தவணைகளுக்கு இடையே 12 முதல் 16 வாரம் இடைவெளி வைக்கப்பட்டது. ஒரு தொழிலாளி ஜூன் 21 அன்று முதல் தவணை போட்டுக்கொண்டார் என்போம். 12 வாரம் என்றால் 84 நாள். அவருக்கு இரண்டாம் தவணை செப்டம்பர் 13-க்கு முன் கிடைக்காது. எல்லையிலோ ஆகஸ்ட் 5 முதலே இரண்டு தவணைச் சான்று கேட்கிறார்கள்! விதியை மீற வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இல்லை. நாட்காட்டிதான் இடம் கொடுக்கவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. இத்தடுப்பூசிகளை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். கோவிஷீல்டு குப்பி ஒன்றில் 10 பேருக்கான மருந்து. திறந்தால் 4 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மூன்று பேருக்காகத் திறந்தால் ஏழு பேரின் மருந்து வீண். எனவே பத்துப் பேர் ஒன்றாகச் சேரும் இடமும் நேரமும் வேண்டும். விடியுமுன் மலையேறி இருட்டியபின் இறங்குபவர் பகல் நேர முகாமுக்கு எப்படி வருவார்? 2021 செப்டம்பர் 12 முதல் தமிழ்நாடு அரசு ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்திய பெரும் தடுப்பூசி முகாம்கள் இத்தகையோருக்கு உதவின.

ஊசி போட்டவர் கிருமியைக் கடத்த மாட்டாரா?

இதுதான் மிக முக்கியமான கேள்வி. ஒரு நோயாளி சராசரியாக 5 பேருக்குப் பரப்புகிறார் என்போம். அந்த ஐவரில் நால்வருக்கு எதிர்ப்பாற்றல் இருந்தால் ஒருவருக்குத்தான் பரவும், நோய் வளராது. அதாவது 80 விழுக்காட்டினருக்குப் பாதுகாப்பு வேண்டும். இப்போது, தடுப்பூசி நூற்றில் 70 பேருக்கு மட்டுமே தொற்றைத் தடுக்கும் என்று வையுங்கள். ஊரில் எல்லோருக்கும் போட்டாலும் 70-ஐத் தாண்ட முடியாது. 80-ஐ எட்டவே முடியாது!

கையில் போடும் ஊசி எதிர்ப்பொருள்களை இரத்தத்தில் நிறைக்கிறது. மூக்கின் ஈரச் சவ்வில் அவை குறைவு. ஆகவே வைரஸ் மூக்கில் சில நாள் பெருக இடமுண்டு. நுரையீரலை அடைந்து உயிருக்கு ஊறு செய்வதைத்தான் தடுப்பூசி வலுவாகத் தடுக்கிறது. தொற்றுக்கு எதிரான காப்பு சில மாதங்களில் குறைகிறது. கடும் நோய்க்கு எதிரான காப்பு அதைவிட நெடுநாள் நிற்கிறது.

எல்லா நோய்க்கும் இப்படியில்லை. பெரியம்மைக்கு மனிதனைத் தவிர வேறு உறைவிடம் இல்லை. நோயாளியை முகத்திலேயே காணலாம். அம்மைக்குத்து நன்கு காத்தது. 1975-இல் இந்தியாவில் கடைசி நோயாளிகள். 1980-இல் உலகமே விடுபட்டது. எல்லையில் அம்மைக்குத்துச் சான்று கேட்பதும் நின்றது. மஞ்சள் காய்ச்சலுக்கு இன்றும் இந்தியா சான்று கேட்கிறது. இந்நோய் இங்கே இல்லை, ஆனால் அதைப் பரப்பவல்ல ஏடிஸ் கொசு இருக்கிறது. ஒரே ஊசி, 10 நாளில் பலன், ஆயுள் முழுதும் காப்பு. இங்கே அச்சீட்டுக்குப் பொருள் உண்டு.

கோவிட் தடுப்பூசிச் சான்று, 'இவர் மருத்துவமனைப் படுக்கையை நிரப்பும் வாய்ப்புக் குறைவு' என்று சொல்லும். 'இவரிடம் கிருமி இல்லை' என்று சொல்லாது.

யார் முடிவு செய்வது?

நம் அரசமைப்பில் பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது. மாநிலங்களுக்கு இடையேயான நோய்த் தனிமைப்படுத்தல் மத்தியப் பட்டியலின் 81-ஆவது இனம். ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குத் தொற்று பரவாமல் தடுப்பது பொதுப் பட்டியலின் 29-ஆவது இனம். ஆக, மெட்டில் நிற்கும் தடுப்புக் கம்பத்தில் மூன்று பட்டியல்களும் சந்திக்கின்றன. 2020 மார்ச்சில் கர்நாடகம், காசர்கோட்டிலிருந்து வரும் சாலைகளை மண் கொட்டி மூடியபோது, மங்களூர் மருத்துவமனைகளை நம்பியிருந்த நோயாளிகள் தவித்தார்கள். வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று.

உலக சுகாதார நிறுவனம் கோவிட் நெருக்கடி நிலை முடிந்ததாக 2023 மே 5 அன்று அறிவித்தது. ஆனால் புதிய தொற்று ஒன்று எப்போதாவது வரத்தான் செய்யும். அப்போது பெரியவர்களாக இருக்கப்போவது நீங்கள்.

ஆகவே ஒரு வீட்டுப்பாடம். கம்பம்மெட்டுச் சோதனைச் சாவடியின் பொறுப்பு உங்களிடம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் 500 பேருக்கான தடுப்பூசியும் 200 பேருக்கான சோதனைப் பொருளும் உள்ளன. அவற்றை மெட்டில் வைத்துக்கொண்டு வரும் ஜீப்புகளை மறிப்பீர்களா? அல்லது ஜீப்புகள் கிளம்பும் தெருமுனைக்கே விடியுமுன் கொண்டு போவீர்களா? மலைக்கு மேலே உள்ள அதிகாரியுடன் சேர்ந்து, இரு பக்கத்து ஊர்களையும் ஒரே ஊராகக் கருதித் திட்டமிட முடியுமா? 12 நாள் கணக்கையும் 84 நாள் கணக்கையும் மறந்துவிடாமல் எழுதிப் பாருங்கள். எழுதியதை உங்கள் வகுப்பில் படித்துக்காட்டி விவாதியுங்கள். கம்பம் பக்கத்து மாணவர்களானால், அந்த ஜீப்பில் போய் வந்த அம்மாவிடமோ பாட்டியிடமோ முதலில் கேளுங்கள். விடையில் பாதி அவர்களிடம் இருக்கும்.