சீதன வீடும் விற்பனை வீடும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தால் பெயர்பெற்ற கொக்கட்டிச்சோலையில், வீடு என்பது நெடுங்காலமாக விலைக்கு வாங்கும் பொருளாக இருந்ததில்லை. தாய்வழிக் குடிமுறை வேரூன்றிய இப்பகுதியில் மகளுக்கு வீடு கட்டிச் சீதனமாக எழுதிக் கொடுப்பதும், மணமகன் அவ்வீட்டுக்கு வந்து குடியேறுவதுமே வழக்கம். வடக்குக் கிழக்கில் போருக்குப் பின் நடைமுறைப்படுத்தப்பட்ட இந்திய வீட்டுத் திட்டத்திலும் பயனாளிகளில் மிகப் பெரும்பாலோர் தவணை தவணையாகப் பணம் பெற்றுத் தம் காணியில் தாமே கட்டினார்களேயன்றி, கட்டி முடித்த வீட்டை எவரிடமிருந்தும் வாங்கவில்லை.

ஆகவே புதுவீடு விற்பது என்ற தொழில் இந்த மண்ணில் முளைத்ததன்று. கொழும்பின் தொடர்மாடிகளோடு வளர்ந்தது. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை ‘பாதை’ எனப்படும் மிதவையில் வாவியைக் கடந்த ஊரிலிருந்து, தங்கைக்கு வீடு கட்டக் காசு சேர்க்கவென்று நகரத்துக்குப் போகும் ஓர் இளைஞர் அத்தொழிலில் நுழைந்தால், வீட்டைக் கட்டும் நிறுவனமே அவருக்கு நியமனக் கடிதம் தரும் என்பதற்கு உறுதியில்லை. இலங்கையில் பேச்சுவழக்கில் ‘மேன்பவர்’ எனப்படும் ஆள்வழங்கு நிறுவனம் அவரைத் தன் பட்டியலில் சேர்த்து, வேறொரு நிறுவனத்தின் வேலைத்தளத்துக்கு அனுப்பக்கூடும். கழுத்து அட்டையில் ஒரு பெயரும் சம்பளச் சீட்டில் மற்றொரு பெயரும் இருக்கும் இம்முறையைத் தொழிற்சட்ட அறிஞர்கள் முக்கோணத் தொழில் உறவு என்பர்.

இம்முறை அமெரிக்காவில் 1940களின் பிற்பகுதியில், விடுப்பில் சென்ற தட்டச்சாளருக்குப் பதிலாள் அனுப்பும் வணிகமாகப் பெருகியது. 1948 இல் மில்வாக்கி நகரில் தொடங்கப்பட்ட நிறுவனம் ஒன்றின் பெயரே மேன்பவர். புதுவீட்டு விற்பனைக்கு இது பொருந்தி வந்ததற்குக் காரணம் அவ்வேலையின் ஏற்ற இறக்கமாகும். விற்பனை தொடங்கும் வாரத்திலும் சனி ஞாயிறுகளிலும் கூட்டம் அலைமோதும், கடைசி வீடு விலைபோனதும் அங்கே ஆளே தேவையில்லை. மாதிரி வீட்டில் வருவோரை வரவேற்று, பதிவேட்டில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதி வாங்கி, அறைகளைத் திறந்து காட்டி, வரைபடத்தை விரித்து விளக்குவது தற்காலிக ஊழியரின் பணி. விலைபேசி முடிப்பது பெரும்பாலும் நிரந்தர விற்பனையாளரின் உரிமை. ஆயினும் வருபவர் கேட்பது கதவின் மரத்தைப் பற்றி மட்டுமன்று. ஒவ்வொரு மாடிவீட்டுக்கும் தனி உறுதி எழுத இடமளிக்கும் 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க மாடிவீட்டு உடைமைச் சட்டத்தைப் பற்றியும் அவர் கேட்பார். அரைகுறையாகச் சொல்வதைவிடச் சட்டத்தரணியிடம் அனுப்பிவிடுவது நல்லது.

தற்காலிகம் என்பதால் உரிமை இல்லையென்று பலர் எண்ணுவது தவறு. 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 சதவீதமும் தொழில்வழங்குநர் 12 சதவீதமும் செலுத்த வேண்டும். 1980 இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில்வழங்குநர் மட்டும் 3 சதவீதம் செலுத்த வேண்டும். இவை தற்காலிக ஊழியருக்கும் முதல் நாளிலிருந்தே உரியவை. அடிப்படைச் சம்பளத்தை மட்டும் கணக்கிட்டுக் கொமிஷனை விட்டுவிடுவது ஒரு பழைய தந்திரம். சேமலாப நிதிக்குக் கொமிஷனும் உழைப்பூதியமே.

உண்மையான இழப்பு காலக் கணக்கில் நேர்கிறது. பணிக்கொடைக்கு, அதாவது வேலையை விட்டு நீங்கும்போது கிடைக்கும் தொகைக்கு, 1983 ஆம் ஆண்டுச் சட்டம் 5 ஆண்டுத் தொடர்சேவையைக் கேட்கிறது. மூன்று மாதம் ஒரு தளம், ஆறு மாதம் வேறொன்று, இடையில் புதிய முகவர், புதிய கடிதம் என்று நகர்பவருக்கு அந்த ஐந்தாண்டு சேருவதே இல்லை. கொமிஷனின் நிலையும் அதுவே. இன்று பதிவாகும் மாடிவீடு கட்டி முடிய ஈராண்டு மூவாண்டு செல்லும். வாங்குபவர் தவணை கட்டக் கட்டவே கொமிஷனும் பகுதி பகுதியாக வருமென்று எழுதப்பட்டிருந்தால், முதல் வாடிக்கையாளரைப் படியேற்றிக் கூட்டிச் சென்றவர் கடைசித் தவணை வரும்போது அந்த வளாகத்திலேயே இருக்கமாட்டார். வேலையை விட்ட பின்னும் அப்பகுதிகள் தமக்கு வருமா, அவற்றைத் தர வேண்டியவர் கட்டுமான நிறுவனமா ஆள்வழங்கியவரா என்ற இரண்டு வரிகளை நியமனக் கடிதத்தில் தேடிப் பார்த்த பிறகே அவர் கையொப்பமிட வேண்டும்.