ஊருக்குள்ளேயே இருக்கு மியூசியம்!

சமையல் குறிப்பும் கைவைத்தியமும் எழுதும் சகோதரிகளுக்கு நடுவே, மியூசியத்தைப் பற்றி எழுத வந்துவிட்டாளே இவள் என்று நினைக்காதீர்கள். நான் பத்தாவது வரை படித்தவள். ஸ்ரீரங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து 16 வருஷமாகிறது. இந்த 16 வருஷத்தில் என்.எஸ்.பி. ரோடு புடவைக் கடைகளுக்கு நூறு தடவையாவது போயிருப்பேன். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு அரண்மனை மண்டபமும், அதற்குள் ஒரு அருங்காட்சியகமும் இருப்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்று கூடச் சொல்ல முடியாது. போர்டைப் பார்த்திருக்கிறேன், உள்ளே போகத் தோன்றவில்லை.

மே மாத லீவுக்குச் சென்னையிலிருந்து என் நாத்தனாரும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் வந்திருந்தார்கள். முதல் நாள் கோவில், இரண்டாம் நாள் மலைக்கோட்டை, மூன்றாம் நாள் முக்கொம்பு. அதோடு என் சரக்கு தீர்ந்துவிட்டது. நான்காம் நாள் காலை இட்லியைப் பிட்டுக்கொண்டே பெரியவன் கேட்டான், "ஏன் அத்தை, உங்க ஊர்ல மியூசியமெல்லாம் கிடையாதா? எங்க எழும்பூர் மியூசியம் 1851-ல ஆரம்பிச்சது, தெரியுமா?" என்று.

எனக்குச் சுருக்கென்றது. "ஏன் இல்லாம? இருக்குடா, நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எல்லாரையும் கிளப்பிக்கொண்டு, ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, சத்திரத்தில் இறங்கி, வேகாத வெயிலில் நடந்து போனால் கேட்டில் பூட்டு! நமக்கெல்லாம் ஞாயிறு லீவு என்றால் அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை லீவாம். இரண்டாவது சனிக்கிழமையும் கிடையாது. "எங்க ஊர்லயும் வெள்ளிக்கிழமைதான் லீவு அத்தை, என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றான் அந்த வாலு. ஆளுக்கொரு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்து வாயை அடைத்துக் கூட்டி வந்தேன். இதை முதலிலேயே எழுதக் காரணம், நீங்களும் என்னைப் போல வெயிலில் அலையக்கூடாது என்பதுதான்.

சனிக்கிழமை மறுபடி போனோம். மலைக்கோட்டை அடிவாரத்தில் டவுன்ஹால் பக்கம் இருக்கும் ராணி மங்கம்மாள் மகால்தான் அது. நாயக்கர்கள் தர்பார் நடத்திய மண்டபம். அருங்காட்சியகம் 1983-ல் ஆரம்பிக்கப்பட்டதாம். வெளியே தோட்டத்தில் கற்சிலைகள். உள்ளே பழைய காசுகள், செப்புச் சிலைகள், ஓலைச்சுவடி, ஆயுதங்கள், பாடம் பண்ணிய பறவைகள், கல்லாகிப் போன மரம் என்று கலந்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் பறவையையும் கத்தியையும் பார்க்க ஓடினார்கள். நான் அண்ணாந்து மேலே இருந்த குவிமாடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். வெளியே அனல் அடிக்கிறது, உள்ளே அப்படி ஒரு குளுமை. அந்தக் காலத்துச் சுவரின் கனம் அப்படி.

கல்லாகிப் போன மரம் என்றேனே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்து பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் அப்படியே கல்லாய்க் கிடக்கிறது. வயசு சுமார் 12 கோடி வருஷம் என்கிறார்கள். இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் கடலாக இருந்ததாம். எம்.எஸ். கிருஷ்ணன் என்ற நிலவியல் அறிஞர் 1940-ல் அதைக் கண்டுபிடித்தார். "12 கோடிக்கு எத்தனை சைபர் போடணும்?" என்று என் மகன் விரல் விட்டு எண்ணியதைப் பார்க்க வேண்டுமே!

என் மனசில் நின்றது ராணி மங்கம்மாள்தான். கணவர் சொக்கநாத நாயக்கர் போய்விட்டார். 1689-ல் மகனும் அம்மை கண்டு போய்விட்டான். அப்போது மாசமாக இருந்த மருமகள் பிள்ளையைப் பெற்றுப் போட்டுவிட்டு அவளும் போய்ச் சேர்ந்தாள். கையில் பச்சைக் குழந்தை, சுற்றிலும் பகை. அந்தக் குழந்தைக்கே முடிசூட்டிவிட்டு, பாட்டி உட்கார்ந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் நாட்டை ஆண்டிருக்கிறாள். சாலை போட்டிருக்கிறாள், சத்திரம் கட்டியிருக்கிறாள். நம் வீட்டில் ஒரு கல்யாணச் செலவைச் சமாளிக்கவே நமக்கு நாக்குத் தள்ளுகிறது.

இதை வீட்டில் வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர் சாவகாசமாகச் சொன்னார், "அந்தக் குழந்தையை நீ தினம் பாக்கிறியே" என்று. எனக்குப் புரியவில்லை. நம் ரங்கநாதர் கோவிலுக்குள் கைகூப்பியபடி ஆளுயரத்துக்கு ராஜா குடும்பத்துச் சிலைகள் நிற்கிறதே, அந்த விஜயரங்க சொக்கநாத நாயக்கர்தான் மங்கம்மாள் தூக்கி வளர்த்த பேரனாம்! 16 வருஷமாக அவரைத் தாண்டித்தான் தரிசனத்துக்கு ஓடியிருக்கிறேன். யாரோ ஒரு ராஜா என்று நினைத்ததோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரமே மறுபடி கோவிலுக்குப் போனோம், சாமி பார்க்க இல்லை. கோவிலுக்குள்ளேயே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் போகிறார்கள், உள்ளூர்க்காரர்கள் நாம்தான் போவதில்லை. அங்கே உள்ள தந்தச் சிற்பங்களைப் பார்த்தே ஆக வேண்டும். நாயக்க ராஜாக்களும் ராணிகளும் தந்தத்தில். ராணிகளின் கொண்டை, காதணி, புடவைக் கொசுவம் எல்லாம் அவ்வளவு நுணுக்கம். கொசுவம் வைத்திருக்கிற நேர்த்தியை நானும் நாத்தனாரும் கண்ணாடியில் மூக்கு இடிக்கப் பார்த்தோம். என் மகள் மட்டும், "யானையைக் கொன்னா எடுத்தாங்க?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குக் கோவில் யானை என்றால் உயிர். இப்போது தந்த வியாபாரத்துக்கே தடை என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன்.

இனி நான் எழுத வந்த விஷயம்.

என் அம்மா எங்களோடுதான் இருக்கிறார். அப்பா தவறிய பிறகு, மூன்று வருஷத்துக்கு முன் அழைத்து வந்தேன். சாப்பாடு, தூக்கம், சன்னல் ஓரம். கேட்டால் பதில், இல்லாவிட்டால் அதுவும் இல்லை. "எங்கயாவது வாங்களேம்மா" என்றால், "நான் வந்து என்னத்தப் பாக்கப் போறேன், நீங்க போயிட்டு வாங்க" என்பார். அவருக்கு ஒன்றும் தெரியாது, கை நாட்டு என்று நாங்களே அவருக்கும் சேர்த்து முடிவு செய்து வைத்திருந்தோம்.

திருச்சி ஜங்ஷன் பக்கம் ரயில்வே மியூசியம் ஒன்று 2014-ல் திறந்தார்கள். அங்கே குட்டி ரயில் உண்டு என்று கேள்விப்பட்டு என் மகன் ஒரே அடம். போகிற போக்கில் அவன் அம்மாச்சியின் கையையும் பிடித்து இழுத்தான், "நீங்க சும்மா பெஞ்ச்ல உக்காந்திருங்க, நான் ரயில்ல போறதைப் பாருங்க" என்று. பேரன் சொல்லைத் தட்ட முடியாமல் கிளம்பினார். அரசு டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் எங்கள் கூட்டத்துக்குச் செலவும் அதிகமில்லை.

திருச்சிக்கும் ரயிலுக்கும் உள்ள சொந்தம் பெரிது. அந்தக் காலத்து சவுத் இந்தியன் ரயில்வேக்கு நம் ஊர்தான் தலைமையிடம். நாகப்பட்டினத்தில் இருந்த ஒர்க் ஷாப்பை 1928 வாக்கில் பொன்மலைக்குக் கொண்டு வந்தார்கள். 1951-ல் தெற்கு ரயில்வே ஆனது. பொன்மலைச் சங்கு கேட்டுத்தான் உலை வைப்பார்கள் என்று அந்தப் பக்கத்துப் பெண்கள் சொல்வார்கள். மியூசியத்தில் வெளியே பழைய நீராவி இஞ்சின் நிற்கிறது. உள்ளே கடிகாரம், மணி, அட்டை டிக்கெட், சிவப்பும் பச்சையும் காட்டும் கை விளக்கு, பழைய போட்டோக்கள்.

என் அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். புதுக்கோட்டை போகிற பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷனில், மீட்டர்கேஜ் காலத்தில், பல வருஷம் வேலை பார்த்தார். லைன் குவார்ட்டர்ஸில்தான் நான் வளர்ந்தேன். இதெல்லாம் எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் நான் கண்ணாடிக்குள் இருந்த பொருளைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தபோது, அம்மா ஓரிடத்தில் நின்றுவிட்டார். அங்கே ஒரு இரும்பு மெஷின். பக்கத்தில் தோல் பை கட்டிய ஒரு பிரம்பு வளையம்.

"இதுல ஒரு பந்து இருக்கும்" என்றார் அம்மா.

பேரப்பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். "என்ன பந்து அம்மாச்சி?"

"இரும்புப் பந்துடா. ஒரே லைன்ல ரெண்டு பக்கமும் ரயில் வருமில்ல? ரெண்டும் மோதிக்கக் கூடாதுல்ல? அதுக்குத்தான். அந்தப் பந்து கையில இருந்தாத்தான் டிரைவர் அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டிய எடுக்கலாம். இங்க மாஸ்டர் நெனச்சா மட்டும் மெஷின்ல இருந்து பந்து வராது. அடுத்த ஸ்டேஷன் மாஸ்டரும் சரின்னு சொல்லணும். ஒண்ணு வெளிய வந்துட்டா, அது அந்தப் பக்கத்து மெஷினுக்குள்ள போற வரைக்கும் இன்னொண்ணு எந்தப் பக்கமும் வராது."

நான் வாயைத் திறந்தபடி நிற்கிறேன். என் அம்மாவா பேசுவது? சென்னைப் பையன் கேட்டான், "நிக்காம போற ரயிலுக்கு எப்படிக் குடுப்பாங்க?"

"உங்க தாத்தா என்ன செய்வாரு தெரியுமா?" அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, காலை அகட்டி வைத்து, வலது கையை உயர்த்தி நின்றார். "இப்படி நிப்பாரு. பந்து பைக்குள்ள, பை வளையத்துல. ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ் தடதடன்னு வரும். வண்டியில இருக்கிறவன் கையை வெளிய நீட்டி, வளையத்துக்குள்ள கையை விட்டுத் தூக்கிட்டுப் போயிருவான். முன்னாடி ஸ்டேஷன் வளையத்தைக் கீழ போட்டுட்டுப் போவான். இருட்டுல அதைத் தேடணும். மழை ராத்திரியில நான் அரிக்கேன் பிடிச்சுக்கிட்டுப் போயிருக்கேன். ஒரு தடவை வளையம் அவரு தோள்ல பட்டு, எட்டு நாள் கை தூக்க முடியல. ஒத்தடம் குடுத்தேன். லீவு போடல மனுஷன்."

அப்பாவுக்கு வலது தோள் கொஞ்சம் இறங்கி இருக்கும். எனக்குத் தெரிந்த நாள் முதல் அப்படித்தான். ஏன் என்று நான் கேட்டதே இல்லை.

சகோதரிகளே, இப்போது நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்படி ஒரு வளையம் எங்கள் வீட்டில் இருந்தது. பிரம்பு விட்டுப்போய், வேண்டாமென்று கழித்துப் போட்டதை அப்பா வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தார். குவார்ட்டர்ஸ் வாசலில் நான் அதை உருட்டி விளையாடியிருக்கிறேன். ரிட்டயர் ஆன பிறகும் ஆணியில் மாட்டி வைத்திருந்தார். அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரு டிரங்குப் பெட்டியோடு அதையும் கொண்டு வந்தார். இரண்டு அறை வாடகை வீட்டில் எதை எங்கே வைப்பது? அந்த வருஷம் போகிக்கு, பழைய பாய், கிழிந்த முறத்தோடு சேர்த்து அதையும் நான்தான் தீயில் போட்டேன். அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எடுத்திருப்பேனா என்றால், அதுவும் சந்தேகம்தான்.

கண்ணாடி முன்னால் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அம்மா, நம்ம வீட்டு வளையத்தை நான்..." என்று ஆரம்பித்தேன்.

"அது கிடக்குது விடு. அது உடைஞ்சது. இது நல்லா இருக்கு" என்றார் அம்மா. பிறகு அடுத்த கண்ணாடிப் பெட்டிக்கு நகர்ந்து, கை விளக்கில் எந்தக் கண்ணாடியை எப்படித் திருப்புவது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். எங்களுக்குப் பின்னால் வந்த வேறொரு குடும்பமும் நின்று கேட்டது. குட்டி ரயிலை என் மகன் மறந்தே போனான்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். மூன்றையும் ஒரே நாளில் பார்க்காதீர்கள், பிள்ளைகள் சிணுங்கிவிடும். எந்தக் கிழமை லீவு என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். தண்ணீர் பாட்டில் அவசியம். முடிந்தால் வீட்டில் இருக்கும் பெரியவர்களையும் கூட்டிப் போங்கள், அவர்கள் வரமாட்டேன் என்றாலும்.

நாத்தனார் பிள்ளைகள் ஊருக்குப் போன மறுநாள், என் மகன் தன் பழைய சைக்கிள் டயரில் ஒரு துணிப் பையைக் கட்டி, அதற்குள் ரப்பர் பந்தைப் போட்டு, அம்மாச்சி படுக்கும் பக்கத்துச் சுவரில் ஆணியில் மாட்டினான். அம்மா அதைக் கையில் எடுத்து, தூக்கிப் பார்த்து, "பை இன்னும் இறுக்கமா கட்டணும்டா, இப்படிக் கட்டினா ஓடுற வண்டியில பந்து விழுந்துரும்" என்று அவிழ்த்துத் தானே கட்டிக்கொண்டிருக்கிறார்.

- ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்.