மலைக்குப் போன அரிசி

கிளிநொச்சியிற் பிறந்தவனுக்கு உயரமென்றால் இரணைமடுக் குளக்கட்டுத்தான். வயலையும் பாலை மரங்களையும் கண்டு பழகிய கண்களோடு அண்மையில் நுவரெலியாவுக்குப் புறப்பட்டேன். உடன் வந்தவர் அயல்வீட்டு ஆச்சி. 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்த குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று.

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு தெற்கே சென்றோம். மதவாச்சியில் மன்னார்ப் பாதை வந்து கூடுகிறது. அங்கே ஆச்சி கைகூப்பினார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, முதலிற் கோப்பிக்கும் பின்பு தேயிலைக்குமாகத் தமிழகத்திலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் பேதியிலும் வழியிலேயே மாண்டோர் பலர். அவர்கள் நாட்கணக்கில் நடந்த தூரத்தை எங்கள் வான் சில மணி நேரத்தில் கடந்தது.

கம்பளை தாண்டியதும் வளைவுக்குமேல் வளைவு. றம்பொடையில் வெள்ளருவி, சரிவெங்கும் தேயிலை. ஆறாயிரம் அடி உயரத்தை நெருங்க, உடலை நடுக்கும் குளிர்.

"என்ன அழகு, ஆச்சி!" என்றேன்.

"அழகுதான் தம்பி. கொழுந்துக் கூடையோட ஏறுனா மூச்சு வாங்குறதுதான் தெரியும்" என்றார்.

அவர் பிறந்த லயத்து அறையில் இன்று வேறொரு குடும்பம். தலைமுறைகள் பல கடந்தும் அங்கே பலருக்குச் சொந்த நிலமில்லை. ஆச்சி தாம் கொண்டுவந்த அரிசிப் பையை அவ்வீட்டுப் பெண்ணிடம் நீட்டினார்.

"நம்ம சொந்த வயல்ல வெளஞ்சது, தாயி."

அப்பெண் பையைப் பிரித்து, ஒரு பிடி அள்ளி, நெடுநேரம் பார்த்திருந்தாள்.